புளிக் கொட்டகை வாசகர்கள்

எட்டாம் வகுப்பில் தோற்றதும் வீட்டை விட்டுக் கிளம்பியவன் நான். ஆரணியில் ஓட்டலில் எச்சில் இலை எடுத்தேன். லாரியில் கிளீனராகப் போனேன். ரோடு போடும் இடத்தில் தார் ஊற்றினேன். எங்கேயும் நிலைத்து நின்றதில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில், மழை பொய்த்த ஒரு வருஷம், கண்ணமங்கலத்துப் புளி வியாபாரி ஒருவரோடு ஜவ்வாது மலை ஏறினேன். வேலை இருக்கிறது என்றார். சோறு இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மலையில் அந்த வருஷம் சாமை கதிர் பிடிக்கவில்லை. கேழ்வரகு முளைத்ததோடு சரி. புளியமரங்கள் மட்டும் கிளை தாழக் காய்த்திருந்தன. ஊருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகையில் புளி உடைக்கிற வேலை. ஓட்டை உடைத்து, நாரை உருவி, சின்ன இரும்புக் கம்பியால் தட்டிக் கொட்டையை எடுக்க வேண்டும். சுளையைக் கூடையில் போட வேண்டும், கூடைக்குத்தான் கூலி. நகக்கண்ணில் புளி ஏறி விரல் எரியும். அதைப் பற்றி அங்கே யாரும் பேசியதில்லை. சாயங்காலம் எழுந்து போகும்போது பெண்கள் மடியில் புளியங்கொட்டையைக் கட்டிக்கொண்டு போவார்கள். வறுத்து, ஊறவைத்து, தோல் நீக்கி, வேகவைத்துத் தின்றார்கள். கொட்டையும் வியாபாரிக்கு விலை போகிற சரக்குதான். அவர் அந்த நேரம் பார்த்து வெளியே போய் பீடி பற்றவைத்துக்கொள்வார். நானும் அந்தக் கொட்டையைத் தின்றுதான் இருந்தேன். வயிறு கல்லாக இருக்கும், பசி தெரியாது.

சுளையைப் பொதிந்து சிப்பம் கட்டுவதற்கென்று வியாபாரி பழைய காகிதத்தை எடை போட்டு வாங்கி வந்திருந்தார். அதில் பாதிக்கு மேல் மாத நாவல்கள். அட்டையில் ஒரு பெண்ணின் முகம், அல்லது ஒரு கத்தி, அல்லது இரண்டும். காதல் கதை, கொலைக் கதை, மந்திரவாதிக் கதை எல்லாம் கலந்து கிடந்தன. ஒரு நாள் நான் ஒன்றை எடுத்து எனக்காக வாய்விட்டுப் படித்தேன். எனக்கு வாய்விட்டுப் படித்தால்தான் எழுத்து ஓடும். கொட்டகை முழுக்கப் பேச்சு நின்றுபோனது. வியாபாரி எட்டிப் பார்த்து, "படிடா படிடா, வாய மூடிக்கினு கை ஓடுது பாரு" என்றார்.

அப்படித்தான் நான் படிப்பவன் ஆனேன். படிக்கிறவன் கை ஓடாது, அவன் கூடை நிறையாது. அதனால் ஆளுக்கு ஒரு பிடி சுளையை என் கூடையில் போடுவதென்று அவர்களே ஏற்பாடு செய்துகொண்டார்கள். மலையில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் மற்றவர்கள் சேர்ந்து அவர் கொல்லைக் காட்டை ஏர் ஓட்டிக் கொடுப்பார்கள். அதைப் போலத்தான் இதுவும். ஆனால் பிடி ஒரே அளவாக இருக்காது. கதை பிடித்தால் பிடி பெரிதாக இருக்கும். பிடிக்காவிட்டால் இரண்டு விரலால் கிள்ளிப் போடுவார்கள். ஒருத்தி மட்டும், கதை ரொம்ப மோசம் என்றால், கொட்டையை எடுத்துப் போடுவாள்.

அவளைச் சொல்ல வேண்டும். ஐம்பதை நெருங்கியவள், மூன்று புருஷன் கண்டவள். அந்த மலையில் அது பெரிய குற்றம் இல்லை. ஒருவனோடு வாழப் பிடிக்கவில்லை என்றால் ஒரு பெண் இன்னொருவனோடு போகலாம். புதிதாக வருகிறவன், முதல் புருஷன் வீட்டார் கொடுத்த பரிசத்தைத் திருப்பிக் கொடுத்து, ஊருக்குத் தண்டமும் கட்டிவிட்டால் தீர்ந்தது. பிள்ளை மட்டும் அப்பன் வீட்டுக்குச் சொந்தம். இவள் இரண்டு ஊர்களில் பிள்ளைகளை விட்டுவிட்டு வந்தவள். எல்லாரும் அவளை அத்தை என்றார்கள், நானும் அத்தை என்றேன்.

காதல் கதைகள் அவளிடம் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஒரு நாவலில் பணக்காரப் பெண் ஒருத்தி ஏழைப் பையனை நினைத்து மாடி ஜன்னல் ஓரமாக நின்று அழுகிறாள். இரண்டு அத்தியாயம் அழுதுவிட்டாள்.

"இன்னாய்யா இது, காலையிலேர்ந்து அவ ஜன்னலாண்டயே நின்னுக்கினு கீறா? கால் வலிக்காதா?" என்றாள் அத்தை.

"அவங்க அப்பா ஒத்துக்கல அத்த" என்றேன்.

"அப்பன் ஒத்துக்கலைன்னா ஊரு ஒத்துக்கும். பையன் பரிசத்தக் கட்டட்டும், தண்டத்தக் கட்டட்டும், இட்டுக்கினு போவட்டும். இதுக்கு ஒரு பொஸ்தகமா?"

"பையன்கிட்ட காசு இல்ல."

"காசு இல்லைன்னா ஒரு வருசம் மாமனாருக்கு ஏரு ஓட்டட்டும். கை கால் கீதுல்ல?"

கொட்டகை மொத்தமும் தலையாட்டியது. அன்றைக்கு என் கூடையில் விழுந்ததெல்லாம் கிள்ளல்தான். கடைசியில் அந்தப் பெண் விஷம் குடித்துச் செத்தாள். ஒருவரும் அழவில்லை. "சோறு தின்னு கொழுத்த சாவு" என்று ஒருத்தி சொன்னாள்.

கொலைக் கதைகளுக்குக் கொஞ்சம் மரியாதை இருந்தது. அதிலும் அவர்களுக்கு ஒரு குறை. பங்களாவில் பிணம் கிடக்கிறது, வீட்டில் இருக்கிற எல்லார் மேலும் சந்தேகம், துப்பறிகிறவர் சிகரெட் பிடித்தபடி ஊரெல்லாம் காரில் சுற்றுகிறார். "எதுக்குச் சுத்தறாரு? அத்தினி பேரையும் கோயிலாண்ட நிக்க வச்சி சூடம் அணைக்கச் சொன்னா தெரிஞ்சிட்டுப் போவுது" என்றார்கள். பொய்ச் சத்தியம் பண்ணுகிறவன் இருந்தால் என்ன செய்வது என்று நான் கேட்டேன். அப்படியும் ஒருவன் இருப்பானா என்று யோசித்தார்கள். அத்தைதான் சொன்னாள்: "கீழ இருப்பான்." கீழே என்றால் சமவெளி. எல்லாரும் வியாபாரியைப் பார்த்தார்கள். அவரும் சிரித்துவிட்டார்.

அவர்கள் கேள்வி கேட்காமல் நம்பியது மந்திரக் கதைகளைத்தான். ஆளை மறைக்கிற வேர் என்று ஒரு கதையில் வந்தது. அப்படி வேர் உண்டு, ஆனால் கதை எழுதினவனுக்கு அதைப் பறிக்கிற விதம் தெரியவில்லை, இரும்பு படாமல் பறிக்க வேண்டும் என்றார்கள். இன்னொரு கதையில் ராஜகுமாரன் ஒரு பாறையைத் தட்டினதும் அறுசுவை விருந்து வந்தது. அப்படித்தான் அச்சடித்திருந்தது, அவ்வளவுதான்.

"அறுசுவைன்னா இன்னா இன்னா? வெவரமாப் படி."

"அவ்ளோதான் போட்டிருக்கு."

"சோறு வந்துச்சா இல்லையா?"

நான் புத்தகத்தைப் பார்த்தபடியே சேர்த்துச் சொன்னேன். நெல்லுச் சோறு, ஆட்டுக்கறி, மொச்சைக் கொட்டைக் குழம்பு, வெல்லம் போட்ட பாயசம். கம்பி தட்டுகிற சத்தம் நின்றுவிட்டது. "இன்னொரு தபா படி" என்றார்கள். படித்தேன். "குழம்புல கத்திரிக்கா கீதா?" என்று கேட்டாள் ஒருத்தி. இருக்கிறது என்றேன். அன்றைக்கு என் கூடை நிரம்பி வழிந்தது. காலையிலிருந்து ஒருவரும் ஒன்றும் தின்றிருக்கவில்லை.

குழம்பில் கத்திரிக்காய் இருக்கிறதா என்று கேட்டவள் இருபது இருபத்திரண்டு வயதுக்காரி. பக்கத்தில் ஒரு பெண் குழந்தை எப்போதும் உட்கார்ந்திருக்கும். மூன்று வயது இருக்கும், தலை பெரியது, கால் குச்சி. உடைத்த ஓட்டில் ஒட்டியிருக்கிற புளியைச் சப்பிக்கொண்டே இருக்கும். அவள் புருஷன் ஒரு மேஸ்திரியோடு குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போனவன், திரும்பவில்லை. செத்தானா, இருக்கிறானா, அங்கேயே ஒருத்தியோடு தங்கிவிட்டானா, ஒரு தகவலும் இல்லை. அவள் புருஷனின் அண்ணன் வீட்டில் இருந்தாள். அந்த அண்ணன் பெண்டாட்டி, அவளுடைய ஓரகத்தி, அதே கொட்டகையில் எதிர்ப் பக்கம் உட்கார்ந்து புளி உடைப்பாள். அவளும் கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். அவளுக்கும் பிள்ளைகள் இருந்தன. பானையில் இருந்ததை முதலில் தன் பிள்ளைகளுக்கு ஊற்றினாள்.

மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு; நெல்லிவாசல்நாட்டுப் பக்கத்திலிருந்து ஒருவன் இவளைக் கேட்டு ஆள் அனுப்பியிருந்தான். பெண்டாட்டி செத்துப்போனவன், தேனும் கடுக்காயும் எடுக்கிறவன், அவன் வீட்டில் கஞ்சிக்குப் பஞ்சம் இல்லை. சித்திரை பிறந்ததும் பரிசத்தோடு வருகிறேன் என்று சொல்லியிருந்தான். ஊரில் யாருக்கும் ஆட்சேபணை கிடையாது. அவள்தான் பதில் சொல்லாமல் இருந்தாள். போனால் குழந்தையை விட்டுவிட்டுப் போக வேண்டும். ஒரு மத்தியானம் என்னிடம் அதைக் கேட்டாள்.

"யண்ணே, உன் பொஸ்தகத்துல எதுலயாவது, புள்ளையோட போறவ வர்றாளா?"

தேடினேன். கட்டுக் கட்டாகக் கிடந்ததை எல்லாம் புரட்டினேன். அந்தக் காதல் கதைகளில் ஒருத்திக்கும் குழந்தை இல்லை. தாலி கட்டினதும் எல்லாக் கதையும் முடிந்துவிடுகிறது. இல்லை என்று சொன்னேன்.

"அப்ப அதெல்லாம் கதையே இல்ல" என்றாள். குழந்தையைப் பார்த்துக்கொண்டே, "நா போய்ட்டா இது ரெண்டு மாசம் தாங்காதுண்ணே. நா இருந்தாலும் தாங்காது போலக் கீது" என்றாள். களை எடுத்தாயிற்றா என்று கேட்கிற குரலில்தான் சொன்னாள்.

சித்திரை நெருங்கியது. ஒரு நாள் ஊர்க்கவுண்டர் கொட்டகைக்கு வந்தார். அந்த ஊரில் கல்யாணம், தண்டம், தகராறு எல்லாவற்றுக்கும் கடைசி வார்த்தை அவருடையது. தன் மரத்துப் புளியைப் பற்றி வியாபாரியிடம் பேச வந்தவர், வெயில் தாழட்டும் என்று சாக்கின் மேல் உட்கார்ந்துகொண்டார். நான் ஒரு காதல் கதையைப் பாதியில் விட்டிருந்தேன். படி என்றார்கள்.

குழந்தையோடு இருந்த அந்த இளம்பெண் எழுந்து வந்து என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கிக்கொண்டாள். "இன்னிக்கி நா படிக்கிறேன்" என்றாள்.

"உனக்கு எழுத்து தெரியுமாடீ?" என்றாள் ஓரகத்தி.

"எழுத்து தெரிஞ்சவரு படிச்சாரே, இன்னா கெடச்சுது உங்களுக்கு? ஜன்னலுதான் கெடச்சுது."

சிரித்தார்கள். அவள் உட்கார்ந்து, மடியில் புத்தகத்தை விரித்து, ஒரு விரலை வரியின் மேல் வைத்தாள்.

"ஒரு ஊர்ல ஒருத்தி. அவ புருசன் குடகுக்குப் போனான். வரல. அந்த வூட்ல நாலு தட்டு கீது. அவளுது அஞ்சாவது தட்டு. அஞ்சாவது தட்டுக்கு வர்றப்ப பானையில தண்ணிதான் கீது. அந்தத் தண்ணியில பாதி அவ புள்ளைக்கு."

"இது எந்தப் பொஸ்தகத்துல கீது?" ஓரகத்தியின் முகம் சிவந்துவிட்டது.

"இதுலதான். அந்த நாலு தட்டும் ரொம்பல, அதுவும் போட்டுக் கீது. யாரையும் குத்தம் சொல்லல." பக்கத்தைத் திருப்பினாள். ஒரேயடியாகப் பத்துப் பக்கம் திரும்பியது.

"அவன் செத்தானா இருக்கானா, அதச் சொல்லு" என்றார் ஒருவர்.

"எழுதினவனுக்கே தெரியல மாமா."

யாரும் கம்பியைத் தொடவில்லை. அவள் மேலே சொன்னாள். வேறு நாட்டிலிருந்து ஒருவன் கேட்டு அனுப்பினான். அவன் வீட்டில் தேன் இருக்கிறது, கேழ்வரகு இருக்கிறது. அந்தக் குழந்தை கேழ்வரகுக் களியை எப்படி உருட்டி விழுங்கும் என்பதை நிறைய நேரம் சொன்னாள். பிறகு விரலை எடுத்துவிட்டாள்.

"அப்பறம்?" என்றாள் அத்தை.

"இதோட நிக்குது."

ஊர்க்கவுண்டர் தொண்டையைச் செருமினார். "ஊரு இன்னா சொல்லிச்சு, அது போட்டுக் கீதா?"

"அந்தப் பக்கம் இல்லீங்க. நீங்க சொன்னாத்தான் தெரியும்."

அவர் தெரியாதவர் போல நடிக்கவில்லை. "கத நல்லாக் கீது" என்றார். "இத்தினி நாளு இவன் படிச்சதவிட நல்லாக் கீது. அந்தப் பொண்ணு போவட்டும், ஊரு தடுக்காது. புள்ள அப்பன் வூடு. கதையா இருந்தாலும் அது மாறாது. ஒருத்திக்கு மாத்துனா நாளைக்கு ஒவ்வொரு வூட்லயும் மாத்தணும்."

அவள் புத்தகத்தை மூடி என் பக்கம் நீட்டினாள். என் கூடையில் போடுவதைப் போல அவள் கூடையில் பிடிகள் விழுந்தன. பெரிய பெரிய பிடிகள். கவுண்டரும் பக்கத்தில் இருந்த குவியலிலிருந்து அள்ளிப் போட்டார். அவள் அதைப் பார்க்கவே இல்லை.

அத்தைதான் குனிந்து புளி உடைத்துக்கொண்டே பேசினாள். "கவுண்டரே, பால் குடிக்கிற புள்ள ஆத்தாளோட போவுமில்ல?"

"போவும். பால் மறந்ததும் கொண்டாந்து வுடணும்."

"கதையில வர்ற புள்ள பால் மறக்கலையே."

"களி உருண்டைய முழுங்குதுன்னு இப்பத்தான படிச்சா."

"களியும் முழுங்கும், பாலும் குடிக்கும். எம் மொத மவன் அப்படித்தான் குடிச்சான். நா வுட்டுட்டு வந்தப்ப பால் குடிச்சிக்கினுதான் இருந்தான். அப்ப கேக்கணும்னு எனக்குத் தெரியல." அவள் நிமிரவில்லை. அந்த மகன் பிறகு என்ன ஆனான் என்பது கொட்டகையில் எல்லாருக்கும் தெரியும்போல. எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கவுண்டர் குழந்தையைப் பார்த்தார். "கதையில வேணா வச்சிக்கோ. இங்க கண்ணால பாத்தவங்க சொல்லணும்."

தாய்க்காரி குழந்தையை மடியில் இழுத்துக்கொண்டாள். ஆண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். வேப்பிலை அரைத்துத் தடவிப் பால் மறக்கடித்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். பால் என்று அவளிடம் ஒரு சொட்டு இருக்க வழியில்லை. குழந்தை சிணுங்கித் திமிறுவது கேட்டது. மறுபடி சிணுங்கல். "குடிடீ, குடிடீ எம்மா" என்று அவள் கெஞ்சினாள். என் வாழ்நாளில் நிறையக் கெஞ்சல்களைக் கேட்டிருக்கிறேன், நானும் கெஞ்சியிருக்கிறேன். அந்தக் குரலைப் போல ஒன்று கேட்டதில்லை. தகரத்தின் ஓட்டைகள் வழியாக விழுந்த வெயிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"கையில இன்னாடீ கீது?" என்று அத்தை முணுமுணுத்தாள். "கையப் பாருடீ."

அவள் கையில் எங்கள் எல்லார் கையிலும் இருந்ததுதான் இருந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அவள் பல்லைக் கடித்து மூச்சை இழுத்தாள், மார்பின் வெடித்த தோலில் புளி பட்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகு குழந்தை சப்புகிற சத்தம் கேட்டது. ஒரு பருவம் முழுக்கப் புளி ஓட்டைச் சப்பிய வாய், விடாமல் சப்பியது.

"அது புளியச் சப்புது!" என்றாள் ஓரகத்தி.

கவுண்டர் அவளைப் பார்த்தார். "புளியோ பாலோ, வாய் எங்க கீது, அதச் சொல்லு. பாத்தியா இல்லையா?"

ஓரகத்தி பதில் சொல்ல ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள். அவள் எதையெல்லாம் யோசித்தாளோ, ஒரு தட்டு குறையும் என்று யோசித்தாளோ தெரியாது. "பாத்தேன்" என்றாள்.

"எல்லாரும் பாத்தீங்களா?"

"பாத்தோம்."

"பால் மறக்கல" என்றார் கவுண்டர். எழுந்து வேட்டியை உதறிக்கொண்டார். "மறந்த அன்னிக்கி புள்ள இங்க வந்துடணும். யாராவது போறப்ப வர்றப்ப பாத்துக்கினுதான் இருப்பாங்க. அது ஊரு வார்த்த."

சித்திரையில் அந்த மனிதன் வந்து பரிசம் கட்டி அவளைக் கூட்டிப்போனான். ஊர் எல்லைக்கு அப்பால் குழந்தை அவன் தோளில் உட்கார்ந்து போனது. அதுவரை அவள் அதை இடுப்பில்தான் வைத்திருந்தாள், அதன் முகத்தைத் தன் மாராப்புக்குள் விட்டபடி. புளி முடிந்ததும் நானும் கீழே இறங்கிவிட்டேன். மீதமிருந்த நாவல்கள் சிப்பத்துக்குள் போயின.

பிறகு படவேட்டில் கரும்பு வெட்டினேன். செங்கல் சூளையில் இருந்தேன். ஒரு ஜீப்பில் கைகாட்டி ஆள் ஏற்றுகிற வேலை கிடைத்தபோது மறுபடி மலைக்குப் போக வேண்டியிருந்தது. நாலு வருஷம் கழித்து, அப்படிப் போன ஒரு சந்தை நாளில் அவளைப் பார்த்தேன். அவள்தான் முதலில் அடையாளம் கண்டுகொண்டாள்.

"யண்ணே, பொஸ்தகம் கீதா?"

இல்லை என்றேன். பக்கத்தில் நின்ற பெண்ணைப் பார்த்தேன், அதே குழந்தைதான். கன்னம் வைத்திருந்தது. தலைக்கேற்ற உடம்பு வந்திருந்தது. முன்பல் ஒன்று விழுந்திருந்தது. பொரி தின்றுகொண்டிருந்தது. அவள் ஏதோ கேட்க வாயெடுத்தவள், என் தோளுக்கு மேலாகப் பார்த்து அப்படியே நிறுத்தினாள். திரும்பிப் பார்த்தேன். அவளுடைய பழைய புருஷனின் அண்ணன் உப்புக் கடை முன்னால் நின்றிருந்தான்.

அவள் அந்தப் பெண்ணை வாரி எடுத்து, ஜீப்பின் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்து, மடியில் கிடத்திச் சேலையால் மூடினாள். குழந்தை ஏன் என்று கேட்கவில்லை. பொரியை விழுங்கிவிட்டு, பழகிய வேலையைச் செய்வது போல உள்ளே முகத்தைப் புதைத்துக்கொண்டது. கால்கள் இரண்டும் சேலைக்கு வெளியே நீண்டு தரையைத் தொட்டன.

"போய்ட்டானா?" என்றாள்.

"இல்ல. இந்தப் பக்கம்தான் பாக்கறான்."

அவள் சேலையை இழுத்து அந்தக் கால்களையும் மூடப் பார்த்தாள். எட்டவில்லை. காலை மடக்கிக்கொள்ளச் சொல்லி மெல்ல ஒரு தட்டு தட்டினாள்.